மலையில் பாதி, சாக்கடையில் பாதி

பசையக்காவின் விரல் நுனிகள் எப்போதும் லேசாக நீலம் பாரித்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஏதோ வியாதி என்று நினைத்து ஒதுங்கிக்கொள்வார்கள். வியாதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கும்போது அதில் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கொஞ்சம் கலப்பார்கள். கலக்காவிட்டால் பூச்சி வந்து பசையைத் தின்னும், பசையோடு செடியையும் தின்னும், கடைசியில் தாளில் சீட்டு மட்டும் மிஞ்சும். இருபத்தேழு வருஷமாகத் துத்தப் பசையில் கையை விட்டுக்கொண்டிருப்பவளுக்கு விரல் வேறு எந்த நிறத்தில் இருக்கும்?

அவள் வேலை பார்த்தது உலர்தாவரக் காப்பகத்தில். பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். காடு மேடெல்லாம் சுற்றிச் செடிகொடி பறித்து வருவார்கள். அதைச் செய்தித்தாள் மடிப்புகளில் வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் காய வைப்பார்கள். காய்ந்ததைக் கெட்டித் தாளில் ஏற்றி, எங்கே கிடைத்தது, யார் பறித்தது என்று சீட்டு எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்குவார்கள். ஒன்றா இரண்டா, மூன்று லட்சம் தாள் அங்கே இருந்தது. பாதிக்கு மேல் அக்காவின் கை பட்டதுதான். இலையை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. தடித்த தண்டும் வேரும்தான் பசைக்கு அடங்காது. அவற்றை ஊசி நூலால் தாளோடு சேர்த்துத் தைக்க வேண்டும். முடிச்சு பின்பக்கம் விழ வேண்டும், அந்த முடிச்சு அடுத்த தாளை உரசாதபடி மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அக்கா தைத்தால் தையல் இருப்பதே தெரியாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தையல் பழக்க எடுத்த எடுப்பிலேயே அரிய செடியைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? அதற்கென்றே ஒரு புல் இருந்தது. காப்பகத்துக் கக்கூஸுக்குப் பின்னால், கை கழுவுகிற தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரமாக மண்டிக் கிடக்கும். ஈரமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் போதும், வேறெதையும் கேட்காது. சோப்புத் தண்ணீரைக் குடித்தே கொழுத்த புல். மேலே பார்க்கச் சாதுவாக இருக்கும். மண்ணுக்குக் கீழேதான் அதன் சாமர்த்தியம் அத்தனையும். விரல் தடிமனில் ஒரு வேர்க்கட்டை, கணுக் கணுவாகப் படுத்துக்கொண்டே ஓடும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை. முளையைச் சுற்றிப் போன வருஷத்து இலையடிகள், அதற்கு முந்திய வருஷத்து இலையடிகள் என்று அடுக்கடுக்காக, தவிட்டு நிற முடியோடு இருக்கும். தோட்டக்காரர் மாதம் ஒரு தரம் அடியோடு வெட்டுவார். பத்தே நாளில் மறுபடி தலை நீட்டும். வெயிலில் கருகிப் போனாலும் ஒரு மழைக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்டதைப் பல்லாண்டுத் தாவரம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். தோட்டக்காரர் அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. மலைக்குப் போயிருந்த ஓர் அதிகாரி பத்துக் கட்டுச் செடியோடு திரும்பி வந்தார். காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு அக்காவின் மேஜைக்கு வந்து, "அக்கா, நாளைக்குக் காலைல மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. இதெல்லாம் இன்னிக்கே தாள்ல ஏறிடணும்" என்று, மேஜையில் கிடந்த மடிப்புகளின் மேலேயே ஒரு குவியலை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மடிப்பைப் பிரித்தாள். மெல்லிய தண்டு, ஊதா நிறக் கதிர் உள்ள ஒரு புல். வேரைக் காணோம். அக்காவுக்குப் பகீரென்றது. காப்பகத்தில் அது பெரிய குற்றம். வேரைப் பார்த்தால்தானே அந்தப் புல் ஒரு மழைக்கு முளைத்து ஒரு வெயிலில் சாகிற ஜாதியா, வருஷக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து மறுபடி மறுபடி எழும்புகிற ஜாதியா என்று தெரியும்? வேரில்லாத புல்லைத் தாளில் ஏற்றியவர்களை அன்றைக்கிருந்த இயக்குநர் நிற்க வைத்துத் திட்டுவார். அக்கா குவியலைத் துழாவினாள். கீழே, இன்னொரு மடிப்பிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு வேர்க்கட்டை கிடந்தது. காயும்போது ஒடிந்து நழுவியிருக்கும், எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறது. அவள் தண்டின் அடியையும் வேர்க்கட்டையையும் பொருத்திப் பார்த்தாள். ஒரு கணுவில் அளவு எடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. நாலே நாலு தையல். வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் புதிதாக வந்த பெண்ணுக்குத் தையல் பழக்க உட்கார்ந்தாள். அதற்காக முந்திய வாரம் காய வைத்த சாக்கடைப் புல்லின் மடிப்பைப் பிரித்தால், தலை இருக்கிறது, வேர் இல்லை. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து அதிகாரியின் அறைக்கு ஓடினாள். அவரோ உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடி நாற்காலியை விட்டு எழுந்து குதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! வாங்க, வாங்க! இது உலகத்துலயே இல்லாத புல்லு!"

அது என்னவோ உண்மைதான்.

"மேல பாருங்க," என்றார், "கதிரு, இலை எல்லாம் மலையில காடு மாதிரி கிடக்கிற சாதாரணப் புல்லு மாதிரியே இருக்கு. அது ஒரு வருஷத்துல செத்துப் போற ஜாதி. ஆனா கீழ பாருங்க! எத்தனை வருஷத்து வேரு! ஒரு வருஷத்துல சாகிற புல்லுக்கு இப்படி வேரு இருக்குமா? அப்ப இது வேற இனம்தானே?"

அக்கா வாயைத் திறந்தாள். சார், அது கக்கூஸ் பின்னாடி இருக்கிற வேரு என்று சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் யாரோ இனிப்புப் பெட்டியை நீட்டினார்கள். அன்றைக்கு அவள் தற்காலிக ஊழியர். அந்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கணவர் இறந்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகள் ஒருத்தி. அக்கா இனிப்போடு சேர்த்துச் சொல்ல வந்ததையும் மென்று விழுங்கினாள். அப்போது செய்தது தப்புதான், அதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. ஆனால் அந்த நிலைமையில் வேறு யாராவது இருந்திருந்தால் விழுங்காமல் துப்பியிருப்பார்களா என்றும் எனக்குத் தெரியாது.

அப்புறம் என்ன, தடதடவென்று எல்லாம் நடந்தது. புல்லுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அந்தத் தாளைச் சிவப்பு உறையில் போட்டுத் தனிப் பெட்டியில் பூட்டினார்கள். அந்த இனத்துக்கு ஆதாரமே அந்த ஒரு தாள்தான் என்பதால், இயக்குநரின் அனுமதியோடு பசையக்கா மட்டுமே அதைத் தொடலாம் என்று உத்தரவு போட்டார்கள். கண்டுபிடித்த அதிகாரி மூன்றே வருஷத்தில் இயக்குநராகிவிட்டார். வாசலில் எட்டடி உயரத்துக்குப் புல்லின் படம் வரைந்து வைத்தார்கள். படத் திறப்பு விழாவுக்கு வளாகம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று கக்கூஸ் பக்கத்துப் புல்லைத் தோட்டக்காரர் ஒரு கூடை வெட்டிப் போட்டார்.

ஒரே ஒரு சங்கடம். மலையில் அந்தப் புல் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? மேல் பாதி மலை முழுக்க இருந்தது, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கீழ்ப் பாதி காப்பகத்துச் சாக்கடையில் இருந்தது. நடுவே முந்நூறு கிலோமீட்டர். இயக்குநர் அதற்கெல்லாம் அசரவில்லை. முதல் வருஷம் 'வாழிடம்: ஓடைக்கரை' என்று எழுதியிருந்தார். ஓடைக்கரையில் இல்லை என்று தெரிந்ததும் 'பாறை இடுக்கு' என்று திருத்தினார். பாறை இடுக்கிலும் இல்லை என்றதும் 'அடர்ந்த நிழல்', அதற்கடுத்த வருஷம் 'நல்ல வெயில்'. பிறகு ஒரு கூட்டத்தில், கண்ணில் படாமலிருப்பதே இந்த இனத்தின் முதன்மையான பண்பு என்று ஒரே போடாகப் போட்டார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

மலையில் ஒரு காவலாளியைக்கூட வைத்தார்கள். பாவம், அந்த மனுஷன் மாதா மாதம் கடிதம் எழுதுவார். 'ஐயா, எந்தப் புல்லைக் காக்க வேண்டும் என்று தெரியாததால் எல்லாப் புல்லையும் காத்து வருகிறேன். மாடு மேய்ப்பவர்கள் என்னை அடிக்க வருகிறார்கள். தயவு செய்து புல்லின் அடையாளம் தெரிவிக்கவும்.' இயக்குநர் அதன் ஓரத்தில் 'தொடர்ந்து காக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.

இதெல்லாம் கூத்து என்று அக்காவும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மகள் பெரியவளாகும் வரை. அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் காப்பகத்துக்கு வந்து அம்மாவின் மேஜைக்கடியில் உட்கார்ந்து வளர்ந்தவள். மற்றப் பிள்ளைகள் படம் பார்த்தால் இவள் புல் கதிரைப் பிரித்துப் பார்ப்பாள். தாவரவியல் படித்தாள், அதே காப்பகத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்தாள். எல்லாரும் அவளைப் 'புல்லு டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். இயக்குநர் அவளுக்கென்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கொடுத்த தலைப்பு எது தெரியுமா? அதேதான். அந்தப் புல்லின் இயல்புகளும் வாழிடமும்.

அன்றைக்கே அக்கா மகளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, உலகத்துல வேற புல்லே இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இல்லாத புல்லைத் தேடறதுலதாம்மா சுவாரசியம்," என்றாள் மகள். இயக்குநர் கொடுத்ததை மறுக்கவும் அவளுக்கு வழியில்லை.

ஏழு வருஷம். இருபத்து மூன்று தடவை மலையேறினாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் உட்கார்ந்த இடமெல்லாம் அவள் தேடின புல்லின் மேல் பாதிதான். போன மழைக்காலத்தில் பாறையில் சறுக்கி வலது காலில் எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். படி ஏறும்போது இன்றைக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். அவளோடு படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் நடக்க ஆரம்பித்துவிட்டன. இவள் மட்டும் பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சொன்னால் அத்தனை வருஷ ஆராய்ச்சியும் குப்பை என்று சொன்ன மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் மறுபடி மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிபடுவது மகள்தான்.

இந்த நிலைமையில் வேறொரு ஊர்க் கல்லூரியிலிருந்து மகளுக்குக் கடிதம் வந்தது. தாவரவியல் ஆசிரியர் வேலை. வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதைப் படித்த நேரத்தில் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அக்கா பார்த்தாள். அடுத்த நிமிஷமே அது அணைந்ததையும் பார்த்தாள்.

"விட மாட்டாங்கம்மா," என்றாள் மகள். "தேடல் முடிஞ்சாத்தான் என்னை விடுவிப்பாங்க. வெள்ளிக்கிழமை நிபுணர் குழு வருது. இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கப் போறாங்களாம். அடுத்த வாரமே மலைக்குப் போகணும்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"காலுக்காகப் புல்லு காத்திருக்குமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போதும் என்று முடிவு செய்தாள் அக்கா. மறுநாள் காலை பசைக் கையைக்கூடக் கழுவாமல் இயக்குநரின் அறைக்குள் போய் நின்று, பதினாலு வருஷத்து விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். மடிப்பு, சாக்கடை, வேர்க்கட்டை, நாலு தையல், இனிப்பு, எதையும் விடவில்லை. இயக்குநர் நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுமேக்கா," என்றார்.

"என்னது?"

"அந்தப் புல்லைப் பறிச்சதே நான்தானே? அட்டைக் கடிக்குப் பயந்துகிட்டு நின்னபடியே பிடுங்கினேன். கையோட வேர் வந்துதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் குதிச்சீங்களா சார்?"

"நான் மலையில வேரைப் பார்க்கல. ஆனா தாள்ல வேர் இருந்துது. நான் என் கண்ணை நம்பறதா, காப்பகத்தை நம்பறதா? அலுவலகத்தை நம்பறவன் நான்."

"சரி சார், இப்பவாவது அப்படி ஒரு புல்லு இல்லைன்னு எழுதிடுங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க. என் பொண்ணை விட்டுடுங்க."

இயக்குநர் மேஜை இழுப்பறையைத் திறந்து நீளமான ஒரு படிவத்தை எடுத்து அவள் முன் போட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது. "இதப் பாருங்க. தேடல் முடிவுப் படிவம். ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ணு, 'இனம் கண்டுபிடிக்கப்பட்டது'. ரெண்டாவது, 'இனம் அழிந்துபோனது'. 'இருக்கவே இல்லை'ன்னு ஒரு கட்டம் எங்க இருக்கு, காட்டுங்க? நான் எதுல டிக் போடறது?"

"அழிஞ்சு போச்சுன்னு போடுங்க."

"எப்போ அழிஞ்சுது, எந்த இடத்துல, யார் பார்த்தாங்க, என்ன காரணம்? எல்லாத்துக்கும் கீழ கோடு போட்டிருக்கு பாருங்க. யாரும் பார்க்காத புல்லு சாகறதை யார் பார்த்திருக்க முடியும்? போங்கக்கா, போய்ப் பசையைக் காய்ச்சுங்க."

வீட்டுக்கு வந்தாள். மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கல்லூரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். 'தங்கள் அழைப்பை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்' என்ற வரி வரைக்கும் எழுதியிருந்தது. அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை ஒரே மூச்சில் வரவில்லை. நடுவே இரண்டு தரம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மகள் பேனாவை மூடினாள். "தெரியும்மா."

"உனக்குமா! எப்பலேர்ந்துடி?"

"மூணு வருஷமா. ஒரு நாள் நீ உறையைத் திறந்து வெச்சப்போ தாளை லென்ஸுல பார்த்தேன். வேர்க்கட்டையில பழைய இலையடி முழுக்க முடி, மேல தண்டுல மருந்துக்குக்கூட ஒரு முடி இல்ல. நடுவுல நாலு தையல். அது உன் தையல்னு எனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூடச் சீருடை ஓரமெல்லாம் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்."

"அப்புறம் எதுக்குடி மலையேறினே? எதுக்குக் காலை உடைச்சுக்கிட்டே? பைத்தியமா உனக்கு?"

"நான் தேடிக்கிட்டே இருந்தா எல்லாரும் மலையைத்தான் பார்ப்பாங்க," என்றாள் மகள், ஏதோ ரொம்பச் சாதாரண விஷயம் போல. "நான் நிறுத்தினா, எங்க அந்தத் தாளைக் கொண்டா பார்க்கலாம்னு ஆரம்பிப்பாங்க. பார்த்தா உன் வேலை போகும். இன்னும் பதிமூணு மாசத்துல நீ ஓய்வு பெற்றுடுவே. அதுவரைக்கும் தேடலாம்னு நினைச்சேன்."

அக்காவுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. மகள் மேலா, தன் மேலா, அந்த எட்டடிப் படத்தின் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். தனக்காக ஒருத்தி இல்லாத புல்லைத் தேடி மூன்று வருஷம் அட்டைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள், அதுவும் வயிற்றில் பிறந்தவள். பெற்றவளுக்கு இதைவிட அவமானம் என்ன வேண்டும்? மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

"ஒண்ணாந்தேதி நீ அங்க போய்ச் சேர்றே. அவ்வளவுதான்."

"எப்படிம்மா? படிவத்துல ரெண்டு கட்டம்தானே இருக்கு?"

"எனக்கும் எண்ணத் தெரியும்," என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை நிபுணர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் குழுத் தலைவர், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர், மூன்றாமவர் பிஸ்கட் தட்டின் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஆராய்ச்சியாளர் என்ற முறையில் மகளும் ஓரமாக இருந்தாள். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். புல்லின் கூச்ச சுபாவத்தைப் பற்றி, அது மனித நடமாட்டத்தை முன்கூட்டியே உணர்ந்து விலகுவதைப் பற்றி, இன்னும் இரண்டே வருஷம் கொடுத்தால் அதைப் பிடித்துவிடலாம் என்பதைப் பற்றியெல்லாம் உருக்கமாகச் சொன்னார். தலையாட்டுகிறவர் ஆட்டிக்கொண்டிருந்தார். நீட்டிப்பு உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சம்பிரதாயத்துக்காக அந்தத் தாளை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றார் தலைவர்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். சிவப்பு உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மேஜையில் வைத்து உறையைத் திறந்தாள். மூன்று பேரும் எழுந்து நின்று குனிந்து பார்த்தார்கள். அடடா, என்ன வேர் என்றார் ஒருவர். அக்கா இடுப்பில் செருகியிருந்த பிளேடை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தையலை அறுத்தாள். வேர்க்கட்டை கையோடு வந்துவிட்டது.

யாருக்கும் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. பிஸ்கட் சாப்பிட்டவர்தான் முதலில், "ஐயோ!" என்றார்.

"என்னக்கா பண்றீங்க!" என்று இயக்குநர் கத்தினார்.

"வேலையைப் பண்றேன் சார்." அக்கா வேர்க்கட்டையை உயர்த்திக் காட்டினாள். "இது கக்கூஸ் பின்னாடி இருக்கிற புல்லோட வேரு. தாள்ல இருக்கிறது மலையில மாடு திங்கிற புல்லு. ரெண்டையும் சேர்த்துத் தெச்சது நான். நம்பிக்கை இல்லாட்டி வாங்க, சாக்கடையில இதோட கூடப்பிறந்தது முழுக்க இருக்கு, காட்டறேன்."

யாரும் வரவில்லை. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தாளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சட்டம் தெரிந்தவர்.

"அம்மா, நீங்க சொல்றது உண்மையா பொய்யான்னு விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல," என்றார். "இந்த இனம் முறைப்படி அறிவிக்கப்பட்ட இனம். இதுக்கு உலகத்துல இருந்ததே இந்த ஒரு மாதிரிதான். இப்ப இதுவும் இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்?"

தலையாட்டுகிறவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இனம் அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம் சார்."

"எப்போ?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணு இருபது."

"எந்த இடத்துல?"

"இதே மேஜையில."

"பார்த்தது யாரு?"

"நீங்க மூணு பேரும், இயக்குநர் சாரும், என் பொண்ணும்."

"காரணம்?"

"நான்தான். எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கும் சார், எழுதிக்குங்க. ரெண்டாவது கட்டத்துல டிக் போடுங்க," என்று சொல்லி, இயக்குநரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடமே கொடுத்தாள். இயக்குநர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, படிவத்தின் எல்லாக் கோடுகளும் நிரம்புகிற அபூர்வமான காட்சியில் அவரையும் அறியாமல் ஒரு திருப்தி வந்திருக்க வேண்டும்; கட்டத்துக்குள் அழகாக டிக் போட்டார்.

அப்புறம் முறைப்படி நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. மறைந்த புல்லுக்காக ஒரு நிமிடம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். வாசலில் இருந்த படத்துக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். மலைக் காவலாளிக்குப் போன் போட்டு, இனிமேல் காக்க வேண்டாம், புல் அழிந்துவிட்டது என்றார்கள். அந்த ஆள், "எந்தப் புல்லு சார் செத்துது? இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று பதறியிருக்கிறார்.

சாயங்காலம் இரண்டு உத்தரவுகள் ஒரே உறையில் வந்தன. ஒன்று, தேடல் முடிவுற்றதால் ஆராய்ச்சியாளரை இன்று முதல் விடுவிப்பதாக மகளுக்கு. மற்றது அக்காவுக்கு. மகள் அதை வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு உரக்கப் படித்தாள். "'பல்லாண்டு வாழும் தன்மையுடைய ஓர் அரிய புல் இனத்தை, காலை மணி பதினொன்று இருபதுக்கு, சவரப் பிளேடு கொண்டு, முழுமையாகவும் மீட்க முடியாதபடியும் அழித்தமைக்காக, மேற்படி ஊழியர் உடனடியாகப் பணியிலிருந்து...'"

அதுவரைக்கும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு படித்தவள் அங்கே நிறுத்திவிட்டாள். தாள் மடியில் கிடந்தது.

"இருபத்தேழு வருஷம்மா," என்றாள். "பதிமூணு மாசம்தானே இருந்துது. நான் இன்னும் ஒரு தடவை போயிட்டு வந்திருப்பேனே."

"வாயை மூடு," என்றாள் அக்கா. "உன் ஏழு வருஷத்தைத் தின்னுட்டு நான் ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கிட்டு வரணுமா? அந்த மாலை எனக்குக் கழுத்துல நிக்குமா? எனக்கு அந்த இருபத்தேழு ஒண்ணும் பெரிசில்ல. உன் ஏழுதான் பெரிசு. அதைத் திருப்பித் தர என்னால முடியல, மிச்சத்தையாவது தர்றேன். எடுத்துக்கோ."

சொல்லி முடிக்கும்போது அவளும் அழுதாள். பிறகு மகள் தகடு வைத்த காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, இத்தனை காலத் தூக்கமும் மொத்தமாக வந்தவள்போல் வெளியே வெளிச்சம் போவதற்குள்ளேயே தூங்கிப் போனாள்.

கட்டிலுக்கடியில், அடுத்த வாரப் பயணத்துக்குக் கட்டி வைத்த பை இருந்தது. அக்கா அதை இழுத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மழைச்சட்டை, கயிறு, மாற்றுத் துணி, அட்டை கடித்தால் வைப்பதற்காக மடித்து மடித்து வைத்த பதினோரு பொட்டலம் உப்பு. அக்கா அவற்றைச் சமையலறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, மகள் வேலைக்குப் போகிற ஊரில் குடித்தனம் வைக்க ஒரு டப்பாவில் கொட்டி மூடினாள்.